எழும்பி நிற்கும் ரசனை

ரோலர் கோஸ்டர் ரசிகர்களைவிடக் கறாரான விமர்சகர்கள் சங்கீத சபைகளில்கூட இல்லை. ஒஹாயோவின் சீடர் பாயின்ட் பூங்காவில் 'மில்லெனியம் ஃபோர்ஸ்' 310 அடி உயரத்திலிருந்து, மணிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் தள்ளிவிடுகிறது. இறங்கி வந்து, கலைந்த தலையைக் கோதியபடி, "ம்... அழுத்தம் பத்தாது" என்கிறார்கள். பக்கத்திலுள்ள 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' தேறிவிட்டது: அதில் உடம்பு இருக்கையை விட்டு எழும்புவது மொத்தம் 27.2 விநாடி. காசு கொடுத்து வாங்கிய இருக்கையில் உட்காராத நேரத்துக்கு மதிப்பெண். என்ன நுட்பம்!

இந்த ரசிகர்கள் வைத்திருக்கும் கணக்கில் ஏறிய ஒவ்வொரு வண்டியும் சேரும், குழந்தைகளுக்கானது உட்பட. பிள்ளை கூட வந்தால்தான் பெரியவருக்கு அனுமதி என்றால், அக்கா மகனை இரவல் வாங்குகிறார்கள். முழங்கால் மோவாயில் இடிக்க மாமா கம்பளிப்பூச்சி வண்டியில் சுற்றுகிறார். பையன் இறங்க வேண்டுமென்று அழுகிறான். கலைக்காகச் சிறு தியாகம்.

நியூ ஜெர்சியின் 'கிங்டா கா' 456 அடி. "ஏறுது, இறங்குது, அவ்வளவுதானே" என்று 2005 முதல் உதட்டைப் பிதுக்கினார்கள். 2025 பிப்ரவரியில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன்பின் சவாரி வெகுவாக மேம்பட்டிருப்பதாகக் கேள்வி.