வந்த காரணம் என்ன?

எண்பதுகளில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாஸ்கோடகாமா நாடகம் போட்டோம். தமிழய்யா அங்கம், காட்சி, களம், தனிமொழி என்று கரும்பலகையில் எழுதி விளக்கினார். வரலாற்று வாத்தியார் கடலோடிகள் கிளம்பிய காரணங்களை எழுதிப்போட்டார்: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தது, மிளகு, பொன், மதம், புகழ். ஐந்து காரணம், ஐந்து மார்க். காமாவுக்கு அட்டைத் தொப்பி. கோழிக்கோட்டுச் சாமூதிரி ராஜாவுக்குக் கூத்துக்காரர்களிடம் இரவல் வாங்கிய புஜக்கட்டை.

நாடகம் முடிந்ததும் தாத்தா கேட்டார்: "கட்டியக்காரன் இல்லாம என்னாடா நாடகம்? வந்தவன் யாரு, எதுக்கு வந்தான்னு எவன் கேக்குறது?"

அவர் குறை நியாயமானது. தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, பின்னால் நின்று வேஷக்காரர் பாடுவார். திரை விலகியதும், துரியோதனனே ஆனாலும், யார், ஏன் வந்தீர் என்று கேட்கும் கட்டியங்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1498-இல் கோழிக்கோட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. காமா முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை அங்கிருந்த துனீசிய வணிகர்கள் விசாரிக்க, கிறிஸ்தவர்களையும் வாசனைச் சரக்கையும் தேடி வந்ததாக அவன் சொன்னான். உள்ளதைச் சொன்ன வேஷம்.

எங்கள் கடலூரில் அந்தக் கேள்விக்குப் பதில் பேசியது பீரங்கி. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு போய் விழுந்த தூரம்வரை இருந்த ஊர்களும் சேர்த்தி. அவைதான் குண்டு கிராமங்கள். துணி வாங்க வந்தவர்கள், 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்தபோது தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் அட்டைத் தொப்பி ஒட்டிய அதே காலத்தில்தான் சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. குண்டு சுடவில்லை; நாகரிகமாகக் கல் நட்டார்கள். காரணங்களும் மாறவில்லை: ஆறு, துறைமுகம், மலிவான கூலி. மிளகு மட்டும் ரசாயனமாகிவிட்டது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று டீக்கடையில் பேச்சு. கிடைத்தது பெரும்பாலும் காண்ட்ராக்ட் கூலி, கேட் காவல்.

ராத்திரியில் கெட்ட வாடை வரும். ஒரு நாள் அழுகிய முட்டைக்கோஸ், ஒரு நாள் நகப்பூச்சு. எந்தக் கம்பெனி என்று கேட்டால் எல்லோரும் காற்றைக் காட்டுவார்கள். காற்றையே பிடித்துவிட்டால் என்ன என்று 2004-இல் ஊர்க்காரர்களே வாளிக்குள் பை வைத்துப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

வந்த காரணத்தைக் கேட்கும் நாடகத்துக்கு இப்போது அரசாணை உண்டு. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெரிய ஆலைகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். களம்: பந்தல். காட்சி: கலெக்டர் தலைமை. தனிமொழி: கம்பெனி ஆலோசகரின் படக்காட்சி. அங்கீகாரம் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்கு அந்தக் கூட்டமும் வேண்டாம் என்று அதே அறிவிக்கையில் விலக்கு. சபை இல்லாமலே அரங்கேற்றம். தாத்தா இருந்திருந்தால் கட்டியக்காரன் எங்கேடா என்றுதான் கேட்டிருப்பார்.

அந்த வேஷத்துக்கு அரிதாரம் தேவையில்லை. திட்டத்தின் சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்கும். படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தத் தண்ணீரை எடுப்பீர்கள், கழிவை எங்கே விடுவீர்கள், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை என்று கேளுங்கள். பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஏற்றினார்களா என்று பார்த்த பிறகு வீட்டுக்கு வாருங்கள்.