சம்பளத்துக்கு முந்தைய சட்டை

அனுப்புநர்: புதிதாகச் சேர்ந்த ஊழியன்
பெறுநர்: மனிதவளத் துறை, ஓ.எம்.ஆர்., சென்னை
பொருள்: 'ஸ்மார்ட் கேஷுவல்' உடை – விளக்கமும் சலுகையும் கோருதல் தொடர்பாக
பார்வை: வேலையில் சேருமுன் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்

மாண்புமிகு மனிதவளத் துறையினருக்கு,

முதலில் நன்றி. தங்கள் பணி நியமனக் கடிதம்போல் தெளிவான உரைநடையை அண்மையில் நான் படித்ததில்லை. உள்ளே வருவதற்கு முன்பே, வெளியே போவதானால் 90 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரியில் வைத்த அரியர் என ஒன்று விடாமல் கேட்டு வாங்கினீர்கள். பி.எஃப். பிடித்தத்தைப் பைசா வரைக்கும் கணக்கிட்டிருந்தீர்கள். உடை என்று வந்ததும்தான் தங்கள் பேனாவுக்குத் திக்குவாய் வந்துவிட்டது. 'ஸ்மார்ட் கேஷுவல் அணிந்து வரவும்.' அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் காலர் டீ-ஷர்ட்டின் மேல் போட்ட கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, டை கட்டாமல், காபிக் கோப்பையைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் மரங்கள் பழுப்பிலைகளை உதிர்க்கின்றன. அவருக்கு வியர்க்கவே இல்லை. மே மாதத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலில் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நசுங்கி வந்தவரல்ல அவர் என்பது பார்த்தாலே தெரிகிறது.

எதுவெல்லாம் கூடாது என்ற பட்டியலையும் படித்தேன். கிழிந்த ஜீன்ஸ், ரப்பர் செருப்பு, அரைக்கால் சட்டை, ரவுண்ட் நெக் டீ-ஷர்ட். சரி, இவை வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையையும் கறுப்பு பேண்ட்டையும் போட்டு வந்தேன். "என்ன பாஸ், இன்னைக்கு வேற கம்பெனியில இன்டர்வியூவா?" என்றார் டீம் லீடர். ஆக, அதுவும் கூடாது. என்னிடம் இருந்தவையெல்லாம் கூடாதவை. கூடியவை எதுவும் என்னிடம் இல்லை.

தங்கள் விதியின் அழகே இதுதான். தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்லே போதும். அவர்கள் வீட்டு பீரோவில் அந்த உடை ஏற்கெனவே தொங்குகிறது. தெரியாதவன்தான் ஒன்று வாங்கி, சிரிப்பு வாங்கி, இன்னொன்று வாங்கிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் முதல் சம்பளம் கையில் வராத மாதத்தில், மேன்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு. பயிற்சிக்கான செலவை நிறுவனம் ஏற்கும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பயிற்சியை மட்டும் பாண்டி பஜாரில் என் செலவில் நடத்துகிறீர்கள்.

நான் அரசுப் பள்ளியில் படித்தவன். எட்டாம் வகுப்பு வரை அரசாங்கமே சீருடை தந்தது. பின்னாளில் ஆண்டுக்கு நான்கு செட். அளவு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. ஆனால் காலையில் எதைப் போடுவது என்று யாரும் முழித்ததும் இல்லை, யார் வீட்டில் எவ்வளவு வசதி என்பது சட்டையில் தெரிந்ததும் இல்லை.

இத்துடன் ஒரு குடும்ப விவரத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன். நான் திருப்பூர்க்காரன். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். தாங்கள் விரும்பும் காலர் டீ-ஷர்ட் எங்கள் ஊரில்தான் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் ஓடி, செக்கிங் மேசையில் பிசிறு வெட்டப்பட்டு, அயர்ன் ஆகி, அட்டைப்பெட்டியில் கப்பலேறுகிறது. மிஞ்சியது காதர்பேட்டைக் கடைகளில் சர்ப்ளஸ் என்று குவிகிறது. தங்கள் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "ஏங்கண்ணு, இதத்தான் கேக்கறாங்களா? இத்தன வருசமா இதத்தானே மடிச்சு மடிச்சு வெள்ளக்காரனுக்கு அனுப்பிட்டிருக்கோம்" என்றார்.

விதியை அம்மா எழுதியிருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது. சட்டையில் முதலில் தோளைப் பார். தையல் தோள்முனையில் நிற்க வேண்டும். பேண்ட்டின் இடுப்பும் நீளமும் ஆல்ட்ரேஷன் கடையில் சரியாகிவிடும், தோளைப் பிரித்தால் சட்டையையே புதிதாகத் தைத்த கூலி ஆகும். காலர் டீ-ஷர்ட்டுக்குத் துணி 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கட்டும்; அதற்குக் குறைந்தால் உள்பனியன் தெரியும். பக்கத் தையல் கீழே வரவர முன்பக்கம் திரும்பியிருந்தால் விட்டுவிடு, துவைத்தால் இன்னும் திரும்பும். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பார். நேவி ப்ளூவில் ஒரு பேண்ட், காக்கியில் ஒரு பேண்ட், இரண்டுக்கும் சேர்கிற மாதிரி நான்கு மேல்சட்டை, ஒரு பிரவுன் ஷூ. இரண்டை நாலால் பெருக்கினால் எட்டு. வேலை நாள் ஐந்துதான். லினன் பக்கமே போகாதே, ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் கசங்கிவிடும். எட்டாவது வரை படித்த ஒரு செக்கிங் தொழிலாளியால் இதைச் சொல்ல முடிகிறது. எம்.பி.ஏ. படித்த தங்கள் துறையால் முடியவில்லை.

ஜி.எஸ்.டி. கவுன்சிலிடமிருந்தாவது தாங்கள் கற்றுக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. முன்பு அந்தக் கோடு 1,000 ரூபாயில் இருந்தது. எளியவனின் சட்டை எங்கே முடிகிறது, வசதியானவனின் சட்டை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு ரூபாய் சுத்தமாகச் சொல்லிவிட்டார்கள். தங்கள் படத்திலுள்ளவரின் கோட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

இந்த உடை விதியின் பூர்வீகத்தையும் விசாரித்தேன். ஹவாய்த் தீவுகளில் 1962-இல் ஆடைத் தயாரிப்பாளர் சங்கத்தார் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு பூப்போட்ட அலோஹா சட்டை கொடுத்து, வெயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரலாமே என்று பிரசாரம் செய்தார்கள். 1966-இல் வெள்ளிக்கிழமைகளில் அது வழக்கமாயிற்று. பிறகு 1992-இல், காக்கி பேண்ட் விற்றுக்கொண்டிருந்த லீவைஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு எப்படி உடுத்துவது என்று எட்டுப் பக்கக் கையேடு அச்சடித்து அமெரிக்காவில் சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. அதாவது, தங்கள் முன்னோர்கள் விதி என்று பெற்றுக்கொண்டது பேண்ட் விற்பவரின் விளம்பரம். ஆனாலும் அந்த வியாபாரிகளை மதிக்கிறேன். ஹவாய்க்காரர் சட்டையை இலவசமாகக் கொடுத்தார், லீவைஸ்காரர் கையேடாவது கொடுத்தார். தாங்கள் இரண்டு சொல் கொடுத்தீர்கள்.

உள்ளூர் முன்னுதாரணங்களும் உண்டு. 2014-இல், வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் கிளப்புகளுக்குத்தான், அலுவலகத்துக்கு இல்லை என்பீர்கள். இரண்டாம் மாடியிலுள்ள கேரம் போர்டையும் டேபிள் டென்னிஸ் மேசையையும் பார்க்கும்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த அரசாணையில் ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேண்ட்டும் அல்லது வேட்டி, பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். அதோடு சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு ஒரு பட்டியலாவது இருந்தது.

இங்கே பட்டியல் இல்லாததால் தீர்ப்பு வாசலில் நடக்கிறது. காலையில் செக்யூரிட்டி அண்ணன்தான் உச்ச நீதிமன்றம். என்னோடு சேர்ந்த பெண் குர்தியும் லெகின்ஸும் போட்டு வந்தபோது, துப்பட்டா கேஷுவலா, துப்பட்டா இல்லாததுதான் கேஷுவலா என்று இருவரும் வெயிலில் நின்று ஆலோசித்தார்கள். இந்தக் கட்டடத்திலேயே வெயிலில் தொப்பி போட்டு டை கட்டி நிற்பவர் அந்த அண்ணன் ஒருவர்தான். அன்று மாலை நிறுவனத் தலைவர் எங்களிடையே உரையாற்ற வந்தார், ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டில். சம்பளம் ஏற ஏற உடை இளகும் என்று அப்போதுதான் புரிந்தது.

போகட்டும். என் கோரிக்கைகள் வருமாறு:

1. எது கூடும் என்பதைப் பேண்ட், சட்டை, குர்தி, ஷூ என்று பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். படத்தில் வியர்க்கும் மனிதர்கள் இருக்க வேண்டும்.

2. பட்டியலிலுள்ள எதையும் எம்.சி. ரோட்டிலோ ரங்கநாதன் தெருவிலோ வாங்க முடிகிறதா என்று தங்கள் துறையிலிருந்து ஒருவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் போவது உத்தமம்.

3. உடைக்கென்று ஒரு முன்பணம் சேரும் நாளிலேயே தந்து, மூன்று தவணைகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தம் என்பது தங்களுக்குப் புதிய கலை இல்லை.

4. வரவேற்புப் பையில் தண்ணீர் பாட்டில், நோட்டு ஆகியவற்றோடு கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட் ஒன்றும் கொடுத்தீர்கள். அது ரவுண்ட் நெக். தங்கள் விதிப்படியே அதைப் போட்டுக்கொண்டு தங்கள் வாசலுக்குள் வர முடியாது. அடுத்த ஆர்டரிலாவது அதற்கு ஒரு காலர் வைத்து, ஆளுக்கு ஐந்து கொடுத்துவிட்டால் மேலே கண்ட மூன்று கோரிக்கைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காலருக்குப் பீஸுக்கு எவ்வளவு கூடும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்; தங்கள் கொட்டேஷனைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தற்சமயம் இன்டர்வியூ உடையில் பணியாற்றும்
தங்கள் ஊழியன்