முதல்ல லத்தி அள்ளு, பேராண்டி!

வா பேராண்டி, உக்காரு. மெல்ல, மெல்ல. அந்தக் கால்சட்டை தெச்சதா, தோலோட ஒட்டினதா? முட்டி மடங்குதா? முழங்கால் ஒசரத்துக்குப் பூட்சு, தலையில கவசம், கையில சாட்டை. எல்லாம் ஜோரா இருக்கு. குதிரை எங்கடா?

"தடம் திறக்கட்டும் தாத்தா, குதிரை வாங்கிக்கலாம்"ங்கிறே. ஸ்ரீரங்கத்து மேலூர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பக்கத்துக் காட்டுல குதிரைத் தடம் விடப்போறாங்கன்னு எவனோ டீக்கடையில சொன்னானாம். இவரு அன்னிக்கே பூட்சு வாங்கிட்டாராம். எருமை வாங்குறதுக்கு முன்னாடி நெய்க்கு விலை பேசினானே ஒருத்தன், அவன் உனக்கு ஒண்ணுவிட்ட பங்காளி.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல கெடக்குற காப்புக்காடு அது. அதுல ஒரு 27 ஏக்கரை வளைச்சு, பூச்சிக்குத் தோதான செடியா நட்டு, 2015ல திறந்தாங்க. மொதல்ல செடி, அப்புறம் பூச்சி, அதுக்கப்புறம்தான் டிக்கெட்டு. அங்க எலை திங்கிற கம்பளிப்புழுவுக்குத்தான் முதல் மரியாதை. உன் குதிரை ஒரு வாய் மேஞ்சா எத்தனை பூச்சியோட பிள்ளைகுட்டி போகும்? காட்டைக் காக்குறவன் யோசிக்க மாட்டானா?

இந்தத் தீவு என்ன, குதிரை பாக்காத ஊரா? 1752ல பிரெஞ்சுக்காரன் ஸ்ரீரங்கத்துக்குள்ள பதுங்கிக் கெடந்தப்போ, முராரி ராவோட மராட்டாக் குதிரைங்க இந்தச் சுத்துவட்டாரத்தையே மிதிச்சுப் போட்டுச்சு. தடம் திறந்தாச்சான்னு எந்தக் குதிரை கேட்டுச்சு?

எங்கப்பன் ஜட்கா ஓட்டினவரு. ஜங்ஷன்லேருந்து கோயிலுக்குச் சவாரி. விடியக்காலம் நாலு மணிக்கு என்னை எழுப்பி லத்தி அள்ள விடுவாரு. ராத்திரி ஊறப்போட்ட கொள்ளை ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டுத்தான் வெப்பாரு. புளிச்சதைத் தின்னா குதிரைக்கு வயித்துவலி. குதிரை படுத்துப் பொரண்டா, அன்னிக்கு எங்க வீட்டு அடுப்பும் படுத்துக்கும். சவாரி முடிஞ்சு வந்தா, குதிரைக் காலைத் தூக்கி மடியில வெச்சு, லாடத்துல சிக்கின கல்லைக் குச்சியால நோண்டி எடுப்பாரு. அப்புறம்தான் தன் செருப்பைக் கழட்டுவாரு. நீ எத்தனை லத்தி அள்ளியிருக்கே?

மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்காதேன்னு சொல்றாங்களே, அது குதிரை இல்லடா, மண் குதிர், மணல் திட்டுன்னு ஒரு பேச்சு உண்டு. கொள்ளிடத்துல எறங்கினவனுக்குப் புரியும். பாக்குறதுக்குக் கெட்டியாத் தெரியும். கால் வெச்சா உள்ள வாங்கும். உன் டீக்கடைத் தடமும் அந்தச் சாதிதான்.

வைகுண்ட ஏகாதசி ராப்பத்துல எட்டாம் நாள் வேடுபறிக்கு வந்திருக்கியா? நம்பெருமாள் தங்கக் குதிரை ஏறி மணல்வெளியில வையாளி வருவாரு. பாயும், நிக்கும், திரும்பும், மறுபடி பாயும். ஜனம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். நீ தங்கத்தைப் பாத்திருப்பே. கீழ குனிஞ்சு பாத்தியா? பெருமாளைத் தோள்ல சுமக்குற ஸ்ரீபாதம்தாங்கிங்களோட வெறுங்கால்டா! அரங்கனோட குதிரையே மனுசன் காலாலதான் ஓடுது. உனக்கு அந்த ரெண்டு காலு இருக்கா, அதுவும் திறப்பு விழாவுக்குக் காத்திருக்கா?

நாளைக்கு விடிய வா. கரையோரமா நடப்போம். நெருஞ்சி எங்க, பொதமணல் எங்கன்னு மொதல்ல உன் காலுக்குத் தெரியட்டும். குதிரைக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.

சாட்டையா? அதை இங்க வெச்சுட்டுப் போ. உங்க பாட்டி வடகம் காய வெச்சிருக்கா. காக்கா விரட்ட ஆகும்.