மூன்று இரவு, நான்கு பகல், ஒரு ஹாட் பாக்ஸ்

திருப்பூர்க்காரனுக்கு மலை ஏற வழிக்குப் பஞ்சமில்லை. அவினாசி, மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் குன்னூர், ஊட்டி. பல்லடம், பொள்ளாச்சி போய் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. தாராபுரம், பழநி வழியாகக் கொடைக்கானல். உடுமலை, சின்னாறு, மறையூர் தாண்டினால் மூணாறு. இத்தனை மலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம். காரணம் தூரம் இல்லை, லீவு. பனியன் கம்பெனி கதவைச் சாத்துவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அந்த நாட்களில் ஊரே போனஸ் வாங்கிய கையோடு ஒரே சமயத்தில் மலை ஏறும். அப்போது ஊட்டியில் ரூம் வாடகை கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு பழைய ஓவர்லாக் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்போல இருக்கும்.

மலைவாசத்தைச் சல்லிசாக அனுபவித்த முதல் ஆசாமி நம்ம பக்கத்து ஊர் அதிகாரிதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கேதான் இருந்தார்கள் என்றாலும், ‘கண்டுபிடித்தவர்’ என்று பெயர் வாங்கியது அவர். 1820களில் ஊட்டியில் கல்லால் ஒரு பங்களாவும் கட்டிக்கொண்டார். பிற்பாடு சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. மெம்பர்ஷிப் இல்லை, ஆண்டுச் சந்தா இல்லை. நமக்கு அந்த யோகமில்லை. நமக்குக் கூப்பன்தான்.

பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, பொருட்காட்சி என்று எங்கே போனாலும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் கார் பரிசு. அந்தக் காரை ஜெயித்தவரை இதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் போன் மட்டும் தவறாமல் வரும்.

“சார், கங்கிராஜுலேஷன்ஸ்! ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எங்க வேணா மூணு நைட், நாலு பகல் ஃப்ரீ ஸ்டே. நீங்க மேரீடா சார்?”

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: “எதுக்குங்க கேக்கறாங்க, பொண்ணு ஏதாவது பாத்து வெச்சிருக்காங்களா?”

அடுத்தடுத்துக் கேள்விகள். சொந்தக் கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா, என்ன வேலை. கடைசியில்தான் முக்கியமான நிபந்தனை: மேடம் கண்டிப்பாகக் கூட வர வேண்டும், தனியாக வந்தால் வவுச்சர் கிடையாது. இதில் இருக்கும் சூட்சுமத்தை நான் மெச்சுகிறேன். கொங்கு நாட்டில் எந்த வியாபாரத்திலிருந்தும் நழுவுவதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு: “ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க.” சீட்டுக் கம்பெனிக்காரர், இன்சூரன்ஸ்காரர், கிணறு வெட்டுகிறவர் எல்லாரும் இந்த வாக்கியத்தின் முன் தோற்றுப் போனவர்கள். ‘ஊட்டை’யே கையோடு கூட்டி வரச் சொல்லிவிட்டால் அந்த வாக்கியம் செத்தது.

நாங்கள் போனோம். அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹால். பலூன், காதைப் பிளக்கும் பாட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு ஜூஸ். மேஜைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு டை கட்டிய தம்பி. எங்கள் தம்பி பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “கடைசியா எங்க ட்ரிப் போனீங்க மேடம்?”

“மருதமலைக்குங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“பழநிங்க.”

“சூப்பர்! ஹில் ஸ்டேஷன்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?” என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு கணக்கு. மலையில் நல்ல அறை ஒன்று ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம். வருஷத்துக்கு ஏழு ராத்திரி, 56,000. இருபத்தைந்து வருஷத்துக்குப் பதினாலு லட்சம், அதுவும் விலைவாசி ஏறாமலே! பதினாலு லட்சத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். “நாங்க இதையே அஞ்சு லட்சத்துல தர்றோம் சார். ஒம்போது லட்சம் உங்களுக்கு லாபம்.” மருதமலைக்குப் போய்விட்டுச் சாயங்காலமே வீடு திரும்புகிற குடும்பத்தை, வருஷத்துக்கு ஏழு ராத்திரி எட்டாயிரம் ரூபாய் அறையில் படுக்க வைத்து, அதிலே மிச்சமும் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தம்பிக்கு நேரம் சரியில்லை. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நூல் கிலோ என்ன விலை, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங் வேஸ்டேஜ், தையல் கூலி, லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரைக்கும் லாரி என்று ஒரு டிஷர்ட்டின் காஸ்டிங்கைப் பைசா வரைக்கும் போடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பேனாவை வாங்கி அவருடைய பேப்பரிலேயே எழுதினேன். ஐந்து லட்சத்தை பேங்கில் போட்டால் ஏழு சதவீத வட்டிக்கு வருஷம் 35,000. போகிறோமோ இல்லையோ கட்ட வேண்டிய ஆண்டுப் பராமரிப்பு, அவரே சொன்னபடி 18,000. ஆக 53,000. ஏழால் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 7,571. எட்டாயிரம் ரூபாய் அறையில் எனக்கு மிச்சம் 429 ரூபாய். அதற்குப் பதிலாக, இருபத்தைந்து வருஷம் கழித்து அசல் ஐந்து லட்சமும் காணாமல் போயிருக்கும். சாப்பாடு தனி.

“பராமரிப்பு ஏறுமுங்களா தம்பி?”

“கொஞ்சம் ஏறும் சார்.”

கொஞ்சம் என்பதை எட்டு சதவீதம் என்று வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்தாவது வருஷம் பராமரிப்பு மட்டும் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். அதற்கும் ஒரு வட்டம் போட்டேன். ஒன்று போதும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து இரண்டு மேஜை தள்ளி மணி அடித்தது. யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஹாலே கைதட்டியது, நாங்களும் தட்டினோம். கைதட்டல் அடங்குவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். தம்பி போட்ட விலை தப்பு, இன்றைக்கு மட்டும், எங்களுக்கு மட்டும், தலைமை அலுவலகத்தில் பேசி மூன்றரை லட்சம் என்றார்.

“நாளைக்கு வந்தா ஆகாதுங்களா?”

“இன்னிக்கு மட்டும்தான் மேடம்.”

“ஏனுங்க, நாளைக்கு மலை இருக்காதுங்களா?” என்றாள் மனைவி.

மேனேஜர் போய் இன்னொருவர் வந்தார். மூன்று வருஷத்துக்குச் சின்னதாக ஒரு திட்டம் இருக்கிறது என்றார். அவரும் களைத்துப்போன பிறகு எங்களை விட்டார்கள். கையில் வவுச்சரும் ஒரு ஹாட் பாக்ஸும். ஹாட் பாக்ஸ் நல்ல சாமான். இன்றைக்கும் சப்பாத்தி அதில்தான்.

வவுச்சரின் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. நாற்பத்தைந்து நாள் முன்னால் பதிய வேண்டும். மூன்று தேதி கொடுக்க வேண்டும், எதைத் தருவது என்பது அவர்கள் விருப்பம். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகாது. ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், அரசு விடுமுறை ஆகாது. கரண்டு தண்ணீருக்கு ஒரு கட்டணம், அதற்கு வரி. சாப்பாடு அங்கேதான், கட்டாயம். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தனி. கழித்தது போக மிஞ்சியது ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள். தென்மேற்குப் பருவமழையும் நாமும் மட்டும். கூட்டிப் பார்த்தால், ஊட்டியில் தமிழ்நாடு ஹோட்டலிலோ சாதாரண லாட்ஜிலோ காசு கொடுத்தே தங்கிவிடலாம்.

இதற்காக நான் கோபப்படவில்லை. எங்கள் தொழிலிலும் பையருக்கு சாம்பிள் தைத்து அனுப்புகிறோம், ஏறக்குறைய சும்மா. சாம்பிளுக்கு ஆன செலவெல்லாம் ஆர்டர் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். மூன்று இரவும் நான்கு பகலும் சாம்பிள்தான். சாம்பிளை வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுக்காத பையர்களோடு ஆயுசு முழுக்கப் பழகிய ஊர் இது. ஒரு தடவையாவது நாம் அந்தப் பையராக இருந்து பார்க்கலாமே.

அந்த ஹாலைப் பார்த்துவிட்டு டைம்ஷேரே மோசடி என்று சொல்வதும் நியாயம் இல்லை. 1960களில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் முளைத்த யோசனை இது: வருஷத்துக்கு ஒரு வாரம் வருகிறவன் முழு வீட்டை எதற்கு வாங்க வேண்டும், அந்த வாரத்தை மட்டும் வாங்கட்டும். உன் வாரத்தை என் வாரத்தோடு மாற்றிக்கொள்ள 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ வந்தது. இங்கே 1986இல் ஸ்டெர்லிங், 1996இல் மஹிந்திரா. கிளப் மஹிந்திராவில் சீசனுக்கே கலர் உண்டு: உச்சத்துக்கு ஊதா, அப்புறம் சிவப்பு, வெள்ளை, ஆளரவம் குறைந்தால் நீலம். ஆறு மாதம் முன்னாலேயே லீவைத் தீர்மானிக்கக்கூடிய பேங்க் ஊழியருக்கும் ரிட்டயர்டு தம்பதிக்கும் இது கட்டுப்படியாகலாம். விடாமல் வருஷாவருஷம் போக வேண்டும், அவ்வளவுதான். திருப்பூர்க்காரனால் அது முடியாது. அவன் லீவு அவன் கையில் இல்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பையரின் டெலிவரி தேதியில் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் மனம் மாறிக்கொள்ள 14 நாள் சட்டமே தருகிறது. நமக்கு டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அதுதான், ஆகவே கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 1915க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

சரி, சல்லிசாக மலையில் தங்க வழியே இல்லையா? இருக்கிறது. பையர் கேன்சல் செய்த எக்ஸ்போர்ட் சரக்கு எங்கே போகும்? காதர்பேட்டைக்கு. அதே துணி, அதே தையல், விலை மட்டும் பாதாளத்தில். மெம்பர்ஷிப்பிலும் அப்படி ஒரு காதர்பேட்டை ரகசியமாக நடக்கிறது, சொந்தபந்தத்துக்குள்ளே.

எங்கள் பெரியப்பா மகன் ஒருவர், பதினைந்து வேலம்பாளையத்தில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். ஆஃப் சீசன் திட்டம் ஒன்றில் அவர் எப்போதோ கையெழுத்துப் போட்டவர். தவணையெல்லாம் கட்டி முடித்தாயிற்று. அண்ணன்தான் இன்னும் போனபாடில்லை. கிளம்பும்போதெல்லாம் ஏதாவது லாட் ரிஜெக்ட் ஆகும். அண்ணி அந்த மெம்பர்ஷிப் கார்டைப் பீரோவில் நகையோடு வைத்திருக்கிறார். ஆடி பிறந்தால் எனக்கு போன் வரும்.

“டேய், ஏழு நாளும் லாப்ஸ் ஆகப்போகுதுடா. நீயாவது போய்ட்டு வா.”

“இல்லீங்ணா, ஷிப்மெண்ட் இருக்குது.”

“எனக்கு மட்டும் இல்லியா? போடா!”

ஒரு தடவை போனோம். விருந்தினர் என்று எங்கள் பெயரைப் பதிந்து மெயில் அனுப்பினார். அதற்கு ஒரு கட்டணம். சமையலறையோடு கூடிய அறைதானா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டதால் அரிசி, பருப்பு, ஹாட் பாக்ஸ் எல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று ஐகோர்ட் உச்சவரம்பே போட்டது. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமையில் போகிறவருக்கும் பெரிதாக இல்லை.

ரிசார்ட்டில் முதல் நாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து நின்றது. “குட் மார்னிங் சார், மேடம். லெவன் ஓ க்ளாக் ஒரு சின்ன பிரசன்டேஷன் இருக்கு.”

“நாங்க மெம்பர் இல்லம்மா. அண்ணன்தான் மெம்பர், நாங்க சும்மா கெஸ்ட்” என்றேன்.

“அதனாலதான் சார் கூப்பிடறோம்!”

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஹாட் பாக்ஸ் எங்ககிட்ட இருக்குது கண்ணு. வேறென்ன குடுப்பீங்க?”

அந்தப் பெண் டேப்லெட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, “நான்ஸ்டிக் தவா இருக்கு மேடம்” என்றது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். மழை விடுவதாக இல்லை; ஊட்டியில் வேறு என்ன வேலை?