உஸ்ஸுக்கு ஒரு வைத்தியம், உம்முக்கு ஒரு வைத்தியம்

கே: ஸ்பீக்கரை ஆன் செய்த நொடியிலிருந்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். பாட்டே போடாதபோதும் கேட்கிறதே? (தேனி வாசகர்)

ப: பாட்டு ஓடும்போதும் அது இருக்கிறது, பாட்டு மறைத்துவிடுகிறது. உஸ் இல்லாத ஆம்ப்ளிஃபயர் உலகில் கிடையாது. மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதன் ஓசை அது. 1920களில் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கு எழுதினார். ஆனால் உங்கள் வீட்டில் அதை ஊதிப் பெரிதாக்குவது அநேகமாக நீங்கள்தான். கம்ப்யூட்டரில் வால்யூமை 20-ல் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் குமிழைக் கடைசிவரை திருகியிருப்பீர்கள். தலைகீழாக்குங்கள். கம்ப்யூட்டரில் 80, 90 வரை ஏற்றுங்கள். குமிழைக் காதுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் திருப்புங்கள்.

கே: குமிழை முழுக்கக் குறைத்தாலும் அதே உஸ். இப்போது என்ன செய்ய? (அதே வாசகர்)

ப: அப்படியானால் அது ஸ்பீக்கரின் வயிற்றுக்குள்ளேயே பிறக்கிறது. இரண்டடி தள்ளி உட்காருங்கள்.

கே: லேப்டாப்பில் சார்ஜர் செருகினால் மட்டும் ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று உறுமுகிறது. பிடுங்கினால் கப்சிப். சார்ஜர் கெட்டுவிட்டதா? (திண்டுக்கல்)

ப: நீங்களே பாதி துப்பறிந்துவிட்டீர்கள். சார்ஜர் பெரும்பாலும் நிரபராதி. லேப்டாப்புக்கு சார்ஜர் வழியாக ஒரு எர்த். ஸ்பீக்கருக்கு அதன் பிளக் வழியாக இன்னொரு எர்த். இரண்டையும் ஆடியோ ஒயர் இணைத்ததும் ஒரு வளையம் பூர்த்தியாகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே துளி வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த வளையத்தில் மின்சாரம் ஓடும். நம் லைனின் 50 ஹெர்ட்ஸ் அப்படியே உறுமலாகிறது. 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். ஸ்பீக்கர் செட் டிவியோடும் சேர்ந்திருந்தால், கேபிள் டிவி ஒயரைச் சந்தேகிக்க மறக்காதீர்கள். அது மூன்றாவது எர்த்தைக் கொண்டுவரும் ஆசாமி.

முதல் வைத்தியத்துக்குக் காசு செலவில்லை: லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஹாலில் ஒன்று, படுக்கையறை பிளக்கில் ஒன்று என்று இழுத்தால் வளையம் வீடு முழுக்கச் சுற்றும். அதற்கும் அடங்கவில்லையா? 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று கேட்டு வாங்கி, ஆடியோ ஒயருக்கு நடுவே போடுங்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தம் வழியாகத் தாண்டிவிடும், எர்த்துக்கு மட்டும் பாலம் இல்லை. ரொம்ப மலிவானதை வாங்கினால் தவில் சத்தம் கொஞ்சம் இளைக்கும்.

கே: எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்கிறார் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். வெட்டலாமா? (திண்டுக்கல்லிலிருந்தே இன்னொருவர்)

ப: உறுமல் நிற்கலாம். பிறகொரு நாள் ஸ்பீக்கரின் உலோகப் பகுதியில் 230 வோல்ட் கசிந்து, நீங்கள் அதைத் தொட்டால், இன்னொன்றும் நிற்கலாம்.

கே: பழைய 2.1 செட். ஆடியோ ஒயரையே கழற்றிவிட்டேன், சப்வூஃபர் அப்போதும் உறுமுகிறது. (விருதுநகர்)

ப: ஒயரை எந்தப் பக்கம் கழற்றினீர்கள்? கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் பிடுங்கினால், தொங்கும் முனையே காற்றிலிருந்து உறுமலைப் பிடித்துத் தரும். ஸ்பீக்கர் பக்கமும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் உறுமினால் நோய் உள்ளேதான். ஏசியை டிசியாக்கிய பின் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பெரிய கெப்பாசிட்டர் வயதாகிக் காய்ந்திருக்கும். உச்சந்தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால் ஸ்குரூ டிரைவரோடு நீங்கள் இறங்க வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் கூம்பிலிருந்து வராமல் பெட்டியின் பலகையிலிருந்து வந்தால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்கின்றன. அதற்கு மெக்கானிக் ஸ்குரூவை இறுக்கினாலே பல நேரம் போதும்.

கே: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஸ்பீக்கர் கத்துகிறது. ஃபேனும் சேர்ந்து கத்துகிறது! (கும்பகோணம்)

ப: இரண்டுக்கும் ஒரே கோபம். உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சரிவாக ஏறி இறங்க வேண்டிய மின்சாரம் படிக்கட்டில் குதித்து வருகிறது. அடுத்தமுறை வாங்கும்போது சைன் வேவ் கேளுங்கள். அதுவரை பவர்கட்டில் லேப்டாப்பை பேட்டரியிலும் உங்களை ஹெட்போனிலும் விடுங்கள்.

கே: மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'கீச்' என்கிறது. பிரமையா? (ஈரோடு)

ப: பிரமை அல்ல. மதர்போர்டில் சவுண்ட் சிப்புக்குப் பக்கத்திலேயே மற்ற எல்லாச் சந்தடியும் நடக்கிறது. கேபினட்டின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கத்துக்கு வரும் ஒயர் அந்தச் சந்தடியின் நடுவேதான் ஊர்ந்து வருகிறது. போதவில்லையென்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போடுங்கள். செட்டிங்ஸில் மைக்கின் ஒலி ஸ்பீக்கருக்குத் திறந்து கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை. கிடந்தால் உங்கள் ஃபேன் காற்றையே உங்களுக்கு ஒலிபரப்பும்.

கே: போன் மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் 'டிட்டிடி டிட்டிடி' என்று சொல்லிவிடுகிறது. எப்படித் தெரிகிறது? (காரைக்கால்)

ப: 2ஜியில் போன் டவரோடு பேசும்போது நொடிக்கு சுமார் 217 தடவை சிக்னலை வெட்டிவெட்டி அனுப்பும். ஆடியோ ஒயர் அதற்கு ஏரியல் ஆகிவிடுகிறது. போனைத் தள்ளி வையுங்கள்.

கே: வால்யூமைத் திருப்பினால் கரகர, புது செட் வாங்கிவிடட்டுமா? (நாகர்கோவில்)

ப: செட்டை அணைத்துவிட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்புங்கள். உள்ளே தூசுதான். அடங்கவில்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. சமையலறைத் தேங்காய் எண்ணெய் கூடாது. ஏற்கெனவே இதைக் கேட்டு மூன்று கடிதங்கள் வந்துவிட்டன.