24 மணி நேரம் படுத்துக்கிடக்க மறுக்கும் பிள்ளைகள் சார்பில் ஒரு மனு

அனுப்புநர்: பிரீமியத்தைத் தேதி தவறாமல் கட்டிவரும் ஒரு பாலிசிதாரர், சென்னை.

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், ஐதராபாத்.

பொருள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வழிகாட்டக் கோருதல் – சார்பாக.

பார்வை: 1. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 21(4). 3. நிராகரிக்கப்பட்ட எங்கள் கிளெய்ம் படிவம்.

ஐயா,

2047க்குள் அனைவருக்கும் காப்பீடு என்று ஆணையம் இலக்கு வைத்திருப்பதை அறிந்து மகிழ்ந்தோம். எங்கள் வீட்டில் மூன்று வயதில் இருப்பவனுக்கு அப்போது கல்யாண வயது வந்திருக்கும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப்பா என்று அவனிடம் சொல்லிப் பார்த்தோம். பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று தங்கள் அலுவலகத்தில் குறித்துக்கொள்ளக்கூடும் என்பதால் தெளிவுபடுத்துகிறேன்: அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

பேச்சு வருவதற்காகத்தான் ஸ்பீச் தெரபிக்குப் போகிறோம். அதற்கான ரசீதுகளைக் கம்பெனிக்கு அனுப்பியதற்கு, '24 மணி நேரம் உள்நோயாளியாகச் சேர்க்கப்படவில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. தவறு எங்களுடையதுதான். பயிற்சி நடக்கும் இடத்தில் கட்டிலே கிடையாது. தரையில் பாய், மூலையில் ஒரு ஊஞ்சல். பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஒன்றை ஊதிவிட்டு, அடுத்ததைப் பிள்ளை வாய்திறந்து கேட்கட்டும் என்று காத்திருப்பார். 45 நிமிடம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். டிரிப்ஸ் இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. இதைப் போய் சிகிச்சை என்று சொன்னால் எந்தக் கம்பெனிதான் நம்பும்?

ஆகவே எங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது. சென்னையில் ஸ்பீச் தெரபிக்கு ஓர் அமர்வுக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். வாரத்துக்கு ஸ்பீச் இரண்டு, ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) மூன்று என்றால் மாதம் 20 அமர்வு. நடுவாக 700 என்று வைத்தாலும் 14,000 ரூபாய். இதைக் கம்பெனி தராது. ஆனால் பிள்ளையை மாதம் 20 நாள் தனி அறையில் சேர்த்து, அறை வாடகை, நர்ஸ் கட்டணம், டியூட்டி டாக்டர் விசிட் எல்லாம் போட்டு, அந்தப் பில்லுக்குள் 700 ரூபாயை ஒளித்துவைத்தால் கேஷ்லெஸ்ஸிலேயே முடிந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை. தடை ஒன்றே ஒன்றுதான். அவன் 24 மணி நேரம் கட்டிலில் படுக்கமாட்டான். 24 நிமிடம் ஓரிடத்தில் உட்காரவைக்கத்தான் இவ்வளவு பாடும். அவனைப் படுக்கவைக்க ஆணையத்திடம் ஏதாவது நடைமுறை இருந்தால் சுற்றறிக்கையாக அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இந்த 24 மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். தாத்தாவின் கண்புரை ஆபரேஷனுக்கு அதைக் கேட்கவில்லை. காலையில் போய் மாலையில் வந்துவிட்டார், பணமும் வந்துவிட்டது. டயாலிசிஸுக்கும் கேட்பதில்லை. மருத்துவம் மாறியபோது விதியும் டே கேர் என்று வளைந்து கொடுத்தது. ஊஞ்சலும் சோப்புக் குமிழியும் அந்தப் பட்டியலில் ஏற இன்னும் போதிய தொழில்நுட்ப வளர்ச்சி அடையவில்லை போலும்.

வெயிட்டிங் பீரியடைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பாதிப்புகளுக்கு அதிகபட்சம் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2024ல் மூன்றாகக் குறைத்தீர்கள், நன்றி. இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு பாலிசி எடுத்தால், காத்திருப்பு முடியும்போது பிள்ளைக்கு ஐந்தரை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று டாக்டர்கள் அவசரப்படுத்துவது இதே மூன்று ஆண்டைத்தான். அந்த வயதில் மூளை வளர்வதை ஒத்திவைக்கவும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இரு தரப்புக்கும் வசதி.

ஆணையம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பேச்சு, மொழிக் குறைபாடுகள் உட்பட நடத்தை, நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகளைப் பாலிசியில் விலக்கிவைக்கக் கூடாது என்று 2019லேயே வழிகாட்டுதல் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பாலிசி வைத்தே ஆக வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் சுற்றறிக்கையும் வந்தது. கம்பெனிகள் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தன. இப்போது ஆட்டிசத்தை யாரும் விலக்குவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பணம் கிடைக்கும். ஆட்டிசத்துக்காகத்தான் கிடைக்காது.

தெரபி மருத்துவமே அல்ல, கல்வி என்று கம்பெனிகள் ஒரு விளக்கம் தருகின்றன. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், இது மருத்துவம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால், தெரபிக்குப் போகிற வழியில் முடிவைக் கேட்டுக்கொண்டு போவோம். சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடவே, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று முன்ஜாக்கிரதையாக ஒரு வரி.

தெரபிக்குக் காப்பீடு தரவே முடியாது என்று யாராவது சொன்னால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தைக் காட்டுங்கள். மொத்த வரம்பு ஒரு லட்சம்தான். ஆனால் அதில் வெளிநோயாளிச் சிகிச்சையும் (ஓ.பி.டி.) உண்டு, தெரபிக்கென்று ஒரு பங்கும் உண்டு, கட்டில் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் கம்பெனிகள் தாமாக மனமிரங்கிவிடவில்லை. 2001ல் இந்தியானா மாநிலம் ஆட்டிசச் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்கச் சட்டம் போட்டது. 2007ல் இதே போன்ற மசோதாவைத் தென் கரோலினா ஆளுநர் வீட்டோ செய்ய, சட்டமன்றம் அதையும் மீறி நிறைவேற்றியது. அந்தச் சட்டத்துக்காக முன்நின்றவர் வழக்கறிஞரான ஒரு தாய். 2019க்குள் 50 மாநிலங்களுக்கும் இது பரவிவிட்டது. பிரீமியம் வானத்துக்குப் போகும் என்று அங்கேயும் பயமுறுத்தினார்கள். மிசௌரி மாநிலக் காப்பீட்டுத் துறை ஆண்டுதோறும் கணக்குப் பார்த்ததில், ஆட்டிசச் செலவு மொத்த கிளெய்மில் ஒரு சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி என்று பெயர் குறிப்பிட்டு, படுக்கை நிபந்தனையும் காத்திருப்பும் இல்லாமல், எல்லா ஹெல்த் பாலிசியிலும் அடங்கும்படி சட்டம் வேண்டும். ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்று தனி பாலிசி விற்றால் போதாது. எங்கள் ஃபேமிலி ஃப்ளோட்டரில் அவன் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. பிரீமியம் வாங்கும்போது அவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். தெரபிகளைப் பெயர் சொல்லிக் கேட்பதற்கும் காரணம் உண்டு: பட்டியலில் பெயரில்லாத எந்தச் சிகிச்சையையும் தரமாட்டார்கள் என்பதைப் பாலிசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது தெரிந்துகொண்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பாலிசிதாரர்.

இணைப்பு: தெரபி ரசீதுகள். (டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு மனுவைத் திருப்பியனுப்ப வேண்டாம்.)

நகல்: மத்திய நிதி அமைச்சகத்துக்கு. சுற்றறிக்கையைத் தாண்டிச் சட்டமாக வேண்டுமானால் மசோதா கொண்டுவர வேண்டியவர்கள் அவர்கள் என்பதால்.