ஓரத்து சீட்டு

ஏலே பேராண்டி, படம் பாத்துட்டு வந்த ராத்திரியே அஞ்சுக்கு மூணு, அஞ்சுக்கு ரெண்டரைன்னு போன்ல மார்க்குப் போடுதியே, அந்த அரை மார்க்கை எந்தத் தராசுல வச்சு நிறுக்கே? ரேசன் கடையில கூட அம்புட்டு நுணுக்கமா நிறுத்து நான் பாத்ததில்லை. என்கிட்டயும் ஒரு தராசு இருக்கு. சிரிக்காமக் கேளு. சர்க்கரை வந்த நாள்லருந்து எனக்கு முக்கா மணிக்கு ஒருக்க ஒண்ணுக்கு எந்திரிச்சாகணும். மாத்திரைக்கே கட்டுப்படாத அந்தச் சமாச்சாரம் எந்தப் படத்துக்குக் கட்டுப்படுதோ அது நல்ல படம். இதுல பொய்க்கணக்கு எழுத முடியாது. வேட்டி சாட்சி சொல்லிரும்.

எங்க காலத்து டூரிங் டாக்கீஸ்ல இந்தத் தொந்தரவு கெடையாது. ஒத்தை மிசினு. ரீலு மாத்தணும்னா லைட்டைப் போட்டே தீரணும். அதனால ஒரு படத்துக்கு மூணு இடைவேளை, நாலு இடைவேளை. எந்திரிச்சுப் போனா நாம குவிச்சு வச்ச மணல் மேட்டுல அடுத்தவன் ஏறி உக்காந்துக்கிடுவான், அது ஒண்ணுதான் நட்டம். இப்ப இருக்கது ஒரே இடைவேளை. அதுலயும் நீ பொரி வாங்க வரிசையில நிக்கே. நம்ம காட்டு மக்காச்சோளம் பத்துக் கிலோவை வித்தாத்தான் அந்த ஒரு டப்பா பொரி. சரி, அதை விடு.

2024-ல நீ கூட்டிட்டுப் போன படங்களையே எடுத்துக்கிடுவோம். மே மாச வெயிலுக்கு ஏசி நல்லாருக்கும்னு சொல்லி 'அரண்மனை 4'-க்குக் கூட்டிட்டுப் போனே. பிரம்மபுத்திரா ஆத்துப் பக்கத்துலருந்து 'பாக்'னு ஒரு பேயைப் புடிச்சாந்திருக்காரு சுந்தர்.சி. நம்மூர்ல பேய்க்கா பஞ்சம்? கெணத்துக்கு ஒண்ணு, புளியமரத்துக்கு ஒண்ணுன்னு வேலையத்துக் கெடக்கு. இதுகளுக்குச் சோறு போடாம அசாம்லருந்து இறக்குமதி! மொதல் அரண்மனை வந்தது 2014-ல. பத்து வருசத்துல மனுசன் நாலு அரண்மனை கட்டிட்டாரு. உங்கப்பன் மாட்டுக்கொட்டாய்க்கு இன்னும் கூரை போட்டு முடிக்கலை. நான் எந்திரிச்சது ரெண்டு தரம். ஆனா யோகி பாபு வந்தப்பச் சிரிச்சேன், அதை மறைக்கலை.

'இந்தியன் 2'-ல என் சோட்டு ஆளு வாராருன்னு ஆசையாப் போனேன். என் சோட்டா அவரு? 1996-ல வந்த மொதல் படத்துலயே கிழவரு. அதுக்குப் பெறகு இருபத்தெட்டு வருசம் போயிருக்கு. அந்த வயசுல சேனாபதி ஒத்தைச் சக்கர வண்டியில ரோட்டுல பறக்காரு. எனக்குக் கட்டில்லருந்து எறங்க கம்பு வேணும். இம்புட்டு வர்மம் தெரிஞ்சவரு நம்ம மூட்டுக்கு ஒரு தட்டுத் தட்டினா எப்படி இருக்கும்னு ரோசிச்சுக்கிட்டே இருந்ததுல பாதிக் கதை போயிட்டு. மூணு மணி நேரத்துல நாலு தரம் எந்திரிச்சேன். நாலாந்தரம் போனப்ப அங்க ஒரு கூட்டமே நின்னுச்சு. அம்புட்டுப் பேருக்குமாலே சர்க்கரை?

'கங்குவா' இந்தத் தராசுல நிக்காது. அது காதுக் கணக்கு. 1070-ம் வருசத்துச் சனங்களாம். அப்ப மைக் கெடையாதுன்னு கத்தியே பேசினாகளோ என்னமோ. தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட, சத்தத்தை ரெண்டு புள்ளி கொறைச்சு வைங்கன்னு கேக்கும்படி ஆச்சு. பெறகு பன்னெண்டு நிமிசத்தையும் வெட்டினாக. சூர்யா பாடுபட்டிருக்காரு, இல்லைங்கலை. கொட்டு அடிக்கவனும் பாடுபடுதவந்தான். அதுக்காகத் தொட்டில்ல பிள்ளை தூங்குத வீட்டு வாசல்லயா நின்னு அடிக்கது?

இதுக்கு நேர் எதிரு 'கொட்டுக்காளி'. பாட்டும் கெடையாது, பின்னணி இசையும் கெடையாது. நீ தூங்கிட்டே. உன் கொறட்டைதான் படத்துக்குப் பின்னணி இசை. பெர்லின் வரைக்கும் போயிட்டு வந்த படம், உன் தூக்கத்தைத் தாண்டி வர முடியலை. சூரி தொண்டை கட்டி, கழுத்துல சுண்ணாம்பைத் தடவிக்கிட்டுக் கரகரன்னு பேசுதான். ஆட்டோக்குள்ள அந்த மீனாப் பிள்ளை வாயே தொறக்காம உக்காந்திருக்கா. கூட ஒரு சேவல். அவளைப் புடிச்ச பேயை ஓட்டச் சாமியாடிக்கிட்ட போறாகளாம். வழியில ஒரு காளை மறிச்சுக்கிட்டு நிக்கு. மீசை வச்ச அம்புட்டுப் பேரும் தள்ளி நிக்கான். ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைக் கூட்டிட்டுப் போறா. எங்க வீட்டுலயும் ஒரு பிள்ளையை, என் கூடப்பொறந்தவளை, மாட்டு வண்டியில வச்சுக் கோடாங்கிக்கிட்ட கூட்டிட்டுப் போனோம்லே. வண்டி ஓட்டினது நான். அப்ப எனக்கும் மீசை இருந்துச்சு, புத்தி இல்லை. படம் முடியுத வரைக்கும் நான் அசையலை. முடிவே சொல்லாம விட்டுட்டான்னு நீ வெளிய வந்து கோவிச்சே. கோடாங்கிக்கிட்டப் போன கதைக்கெல்லாம் எங்கலே முடிவு இருந்துச்சு?

'மகாராஜா'வுல நான் எந்திரிக்காததுக்குக் காரணம் வேற, பயம். குப்பைத்தொட்டியைக் காணலை, அது பேரு லட்சுமின்னு ஒரு சலூன்காரரு ஸ்டேசன்ல போயி நிக்காரு. கதையை முன்னைத் தூக்கிப் பின்ன வச்சிருக்கான் அந்த நித்திலன். ஒருக்க வெளிய போயிட்டு வந்தா எவன் எவனுக்கு என்ன ஆகணும்னே தெரியாமப் போயிரும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நவம்பர் கடைசியில சீனாவுலயும் வெளியாகி ஓடுச்சுன்னு நீதான் சொன்னே. அங்கயும் சர்க்கரைக்காரன் இருப்பாம்லா, பாவம்.

கிரிக்கெட்டுன்னாலே எனக்கு ஆகாது, 'லப்பர் பந்து'க்கு மட்டும் விலக்கு. கெத்துன்னு பேரு வச்சுக்கிட்டு தினேசு அடிக்கதும், விஜயகாந்து பாட்டு ஒலிக்கதும் இருக்கட்டும். அவன் பொஞ்சாதி யசோதை டிராக்டரை எறக்கி வெளையாடுத எடத்தையே உழுதா பாரு, அங்கதான் கையைத் தட்டினேன். கம்மாக்கரை மைதானத்தை உங்க பாட்டி அப்படி உழுதிருந்தா உங்கப்பன் இந்நேரம் கலெக்டரு.

'மெய்யழகன்' நீளம்னு எழுதினே. வந்த கொஞ்ச நாள்லயே பதினெட்டு நிமிசம் வெட்டினதாவும் சொன்னே. நீடாமங்கலத்துல கல்யாணம், சொந்தக்காரன் ஒருத்தன் வந்து ஒட்டிக்கிடுதான், அவன் பேரு அரவிந்தசாமிக்கு ஞாவகம் வரலை, கேக்கவும் வெக்கம். எனக்கு இது மாசம் ஒருக்க நடக்குத சங்கதி. "என்னைத் தெரியுதா மாமா"ன்னு வந்து நிப்பான். "தெரியாம என்ன, அப்பா சௌக்கியமா?"ம்பேன். அப்பா செத்து ஆறு வருசம் ஆச்சும்பான். படத்து நடுவுல ஒருக்க எந்திரிச்சுப் போயிட்டு வந்தேன்; ரெண்டு பேரும் பேசிக்கிட்டேதான் இருந்தாக. சொந்தக்காரன் பேச்சு அப்படித்தாம்லே இருக்கும். அதுக்கு மார்க்கைக் கொறைப்பியா?

தீவாளிக்கு வந்த 'அமரன்'ல வெளையாட்டுப் பேச்சு வேண்டாம். 2014 ஏப்ரல்ல காசுமீர்ல உசுரைக் கொடுத்த மேஜர் முகுந்த் வரதராசன் கதை. துப்பாக்கி வெடிக்கப்ப நான் வெளிய போயிட்டு வந்தேன். சாய் பல்லவி போன்ல பேசுத எடத்துல எங்கயும் போகலை.

மிச்சம் 'வாழை'. கொட்டுக்காளியும் இதுவும் ஒரே நாளு, ஆகஸ்டு 23. ஒரே முகூர்த்தத்துல ரெண்டு பந்தி போட்டா எந்த எலையில உக்காருதது? இதுக்கு மூணு மார்க்குப் போட்டு, 'கொஞ்சம் மெதுவாப் போகுது'ன்னு எழுதினே பாரு. தார் சுமக்கவன் மெதுவாத்தாம்லே நடப்பான்! வெரசா நடந்தா கழுத்து ஒடிஞ்சிரும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நானும் ரெண்டு வருசம் சுமந்திருக்கேன். பிடரியைத் தொட்டுப் பாரு, இன்னும் காய்ச்சுப் போயித்தான் கெடக்கு. பள்ளிக்கூடம் லீவு விட்டா படத்துல வார பையனுக்கு வேம்பாக் கசக்கு. லீவுன்னா சுமைக்குப் போகணும். ரஜினியா கமலான்னு கூட்டாளியோட மல்லுக்கு நிக்கான், டீச்சரம்மா முன்னாடி கொழையுதான். மாரி செல்வராசு தன் சின்ன வயசையே எடுத்து வச்சிருக்காரு.

கடைசியில நான் எந்திரிச்சுப் போனேன்லா? தார் லாரி கவுந்த பெறகு, பசியோட வீட்டுக்கு ஓடியாந்த பையன் சோத்துச் சட்டியைத் தொட்ட எடத்துல. "தாத்தா, உங்க தராசுல வாழை தோத்துட்டு"ன்னு வழி நெடுகக் கேலி பேசிட்டு வந்தே. நானும் சிரிச்சுக்கிட்டு வந்தேன். நான் போனது அதுக்கில்லைலே. மூஞ்சியைக் கழுவத்தான் போனேன். குழாயில தண்ணி வரலை, வேட்டி நுனியிலதான் தொடைச்சேன்.

இதைப் போன்ல எழுதிராத. அடுத்த படத்துக்கும் ஓரத்து சீட்டே போடு. எதுக்கு எந்திரிக்கேன்னு மட்டும் கேக்காத.